வாசகர் கேள்வி-பதில்: ஏரி காஞ்சா தூசி யாரு வீட்டுக்குப் போகும்?

போன இதழ்ல சால்டன் ஸீ பத்தி எழுதியிருந்தேன். படிக்காதவங்களுக்காக ரெண்டு வரி: கலிஃபோர்னியாவோட தென்கிழக்கு மூலையில, பாலைவனத்துக்கு நடுவுல, வருஷா வருஷம் சுருங்கிட்டு வர்ற ஒரு பெரிய உப்பு ஏரி. வடக்குக் கரைப்பக்கம் மெக்கா, தெர்மல், ஓயாசிஸ், நார்த் ஷோர்னு சின்னச் சின்ன ஊருங்க, பெரும்பாலும் மெக்சிகோ வம்சாவளி விவசாயக் கூலிக்காரங்க. தெற்குல இம்பீரியல் வேலி, அதாவது வயலுங்க நிறைஞ்ச ஒரு பள்ளத்தாக்கு. இந்த ஊருங்கள்ல காத்துல என்ன கலந்திருக்குன்னு யுனிவர்சிட்டிக்காரங்களும் ஊர்க்காரங்களும் சேர்ந்து அளக்குறாங்கன்னு எழுதினேன். அதுக்கு வந்த கேள்விங்கள்ல கொஞ்சத்துக்கு இங்க பதில். பெயர் போட வேணாம்னு பல பேரு கேட்டதால எல்லாருக்கும் ஊர் மட்டும்.

கே: சார், பாலைவனத்துல தூசி இருக்கறதுல என்ன அதிசயம்? கடல்ல உப்பு இருக்கான்னு ஆராய்ச்சி பண்ற மாதிரில்ல இருக்கு? (திருச்சி)

நல்லா கலாய்ச்சுட்டீங்க. ஆனா இந்த எண்ணம்தான் அந்த ஊர்க்காரங்களுக்கு பெரிய தலைவலி. "பாலைவனம்தானே, அப்படித்தான் இருக்கும்"னு சொல்லியே பல வருஷம் அவங்க பேச்ச யாரும் காதுல போட்டுக்கல.

இந்த ஏரி வந்த கதையப் பாருங்க. 1905-ல விவசாயத்துக்கு வெட்டுன வாய்க்கால்ல கொலராடோ ஆறு உடைப்பெடுத்து, ஆறே திசை மாறி, கடல் மட்டத்த விட 200 அடிக்கும் அதிகமா தாழ்ந்து கிடந்த ஒரு பள்ளத்துல கொட்ட ஆரம்பிச்சுது. அடைக்கறதுக்கு 1907 ஆயிடுச்சு. அதுக்கப்புறம் ஏரிய உயிரோட வெச்சிருந்தது ஆறு இல்ல, இம்பீரியல் வேலி வயலுங்கள்ல பாய்ச்சி மிச்சமாகி வர்ற வடிகால் தண்ணி. உள்ள வர வழி இருக்கு, வெளிய போக வழி இல்ல, அதனால உப்பு, உரம், பூச்சிமருந்து மிச்சம், செலினியம், ஆர்செனிக்னு நூறு வருஷமா வந்ததெல்லாம் அடியிலேயே தங்கிடுச்சு. இப்ப தண்ணி கடல விட ஏறக்குறைய ரெண்டு மடங்கு உப்பு.

அப்புறம் 2003-ல ஒரு ஒப்பந்தம். இம்பீரியல் வேலியோட பாசனத் தண்ணியில ஒரு பங்க சான் டியாகோ பக்கம் இருக்கற நகரங்களுக்கு விக்கறதுன்னு முடிவாச்சு. வயல்ல தண்ணிய சிக்கனமா பாய்ச்சினா வடிகால் குறையும், வடிகால் குறைஞ்சா ஏரி வத்தும், ஏரி வத்தினா அடிமண் வெளிய தெரியும், காத்து அடிச்சா பறக்கும். இதெல்லாம் கையெழுத்து போடும்போதே எல்லாருக்கும் தெரிஞ்ச விஷயம் சார். தெரிஞ்சதாலதான் 15 வருஷம் ஏரிக்கு ஈட்டுத் தண்ணி விடணும்னும் அதுலயே எழுதினாங்க, அதுக்குள்ள வேற ஏற்பாடு பண்ணிக்கலாம்னு. 2017 கடைசியோட அந்தத் தண்ணி நின்னுச்சு. வேற ஏற்பாடு? அது அப்பதான் மெதுவா கிளம்புச்சு. அதனால இத வெறும் பாலைவனத் தூசின்னு சொல்றத நான் ஒத்துக்க மாட்டேன். பாதி இயற்கை, பாதி ஒப்பந்தம்.

இன்னொண்ணும் சொல்லிடணும், இல்லன்னா நானும் ஒருதலையா பேசுன மாதிரி ஆயிடும். 2017-ல ரிவர்சைடு கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்துக்காரங்க வெளியிட்ட ஆய்வுல, காத்துல இருந்த தூசியில பெரும் பங்கு சுத்தி இருக்கற பாலைவன மண்ணுலேர்ந்து வந்தது, ஏரி அடிமண்ணோட பங்கு அதவிட கம்மின்னுதான் வந்துச்சு. ஆனா அந்தக் கம்மி பங்குல செலினியம் மாதிரி சரக்கு தூக்கலா இருக்கு, கரை காயக் காய பங்கும் கூடும். "எல்லாமே ஏரி விஷம்"னு ஃபார்வர்ட் வந்தாலும் நம்பாதீங்க, "ஏரிக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல"ன்னு எவனாவது சொன்னாலும் நம்பாதீங்க.

கே: அண்ணா நான் எம்.எஸ்சி. சுற்றுச்சூழல் படிக்கறேன். காத்துல பறக்கற தூசிய எப்படி புடிப்பாங்க? எங்க காலேஜ்ல மெஷின் இருக்கு, ஆனா தொட விட மாட்டாங்க. (ஈரோடு)

தங்கச்சி, இருக்கறதுலயே சுலபமான கருவி என்ன தெரியுமா, கோலிக்குண்டு. நிஜமா. கேக் சுடற வட்டத் தட்டு இருக்குல்ல, நடுவுல ஓட்டையோட, அதுல கண்ணாடி கோலிய பரப்பி ஒரு கம்பத்து மேல தூக்கி வெச்சுடுவாங்க. காத்துல வர்ற தூசி கோலிக்கு நடுவுல இருக்கற சந்துல இறங்கிடும், கோலி மறைச்சுக்கறதால திரும்ப காத்து தூக்கிட்டுப் போகாது. சில வாரம், சில மாசம் கழிச்சு எடுத்து, சுத்தமான தண்ணியில கோலிய அலசி, அந்தத் தண்ணிய வடிகட்டினா மிஞ்சற கலங்கல்தான் சாம்பிள். அதுல என்ன உலோகம், என்ன பாக்டீரியா எல்லாம் பாப்பாங்க. கரண்ட் வேணாம், காவல் வேணாம். பறவை எச்சம்தான் ஒரே தொல்லை, அதுக்கு மேல கம்பி முள்ளு மாதிரி ஏதாவது கட்டி விடுவாங்க.

ஆனா கோலி, எவ்வளவு தூசி *விழுந்துச்சு*ன்னு சொல்லும், நீ எவ்வளவு *சுவாசிச்ச*ன்னு சொல்லாது. அதுக்கு பம்ப் வெச்ச மெஷின் வேணும். குறிப்பிட்ட வேகத்துல காத்த இழுத்து, பெரிய துகள வாசல்லயே கழிச்சு கட்டிட்டு, 10 மைக்ரானுக்கு (மைக்ரான்னா மில்லிமீட்டர்ல ஆயிரத்துல ஒரு பங்கு) சின்னதா இருக்கறத மட்டும் ஃபில்டர்ல படிய வெக்கும், அதுதான் பிஎம் 10. 2.5-க்கு சின்னது பிஎம் 2.5. ஃபில்டர போடறதுக்கு முன்னாடி ஒரு எடை, எடுத்த பிறகு ஒரு எடை, வித்தியாசத்த உள்ள போன காத்தோட கனமீட்டரால வகுத்தா கணக்கு வந்துடும். கேக்க ஈஸியா இருக்கும், ஆனா எடை பாக்கற ரூம்ல ஈரப்பதம் கொஞ்சம் ஏறினாலும் ஃபில்டர் தண்ணி குடிச்சு எடை கூடிடும், அதனால ஒரு நாள் முழுக்க அந்த ரூம்லயே போட்டு வெச்சுதான் எடை போடுவாங்க, கையால தொடக்கூடாது, இடுக்கி. உப்பு ஏரி பக்கத்துல எடுத்த ஃபில்டர்னா கேக்கவே வேணாம், உப்பு ஈரத்த இழுக்கும்.

மணிக்கு மணி கணக்கு வேணும்னா பீட்டா கதிர வெச்சு அளக்கற மெஷின். ஃபில்டர் டேப்புல படியற தூசி எவ்வளவு கதிர மறைக்குதுன்னு பாத்து தானே எடைய கணக்குப் போடும். உங்க காலேஜ்ல தொட விடாதது அநேகமா இதுவாத்தான் இருக்கும், விலை அப்படி.

கே: காத்து அடிச்சா மண்ணு பறக்கும், இதுல தெரிஞ்சுக்க என்ன இருக்கு? (மதுரை)

நேரா பறக்கறதில்லைங்கறதுதான் விஷயம். ரொம்ப நைஸான தூசி ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கிட்டு இருக்கும், காத்து மட்டும் அடிச்சா சுலபத்துல எழும்பாது. அதவிட பெருசா, ரவை சைஸ் மணல்தான் முதல்ல கிளம்பும், அதுவும் பறக்காது, தரையில தத்தித் தத்திப் போகும். அது வந்து விழற இடத்துல அடிவாங்கித்தான் நைஸ் தூசி மேல தெறிக்குது. கேரம்ல ஸ்ட்ரைக்கர் அடிச்சு காய் சிதறுதுல்ல, அதேதான். அதனால ஆராய்ச்சிக்காரங்க தூசிய மட்டும் அளக்க மாட்டாங்க, தரைக்கு கிட்ட எவ்வளவு மணல் தத்திப் போகுதுன்னும் அளப்பாங்க. ஸ்ட்ரைக்கர நிறுத்திட்டா ஆட்டம் நின்னுடும்.

உப்புப் படலம் இன்னொரு கூத்து. வெயில் காலத்துல கெட்டியா ஓடு மாதிரி காஞ்சு கிடந்தா தூசி எழும்பாது. குளிர் காலத்துல மழையோ பனி ஈரமோ பட்டு, ராத்திரி குளிர்ல சோடியம் சல்ஃபேட் தண்ணிய உள்ள வாங்கி படிகமாகும், பகல்ல வெயில் ஏறினதும் அந்தத் தண்ணிய விட்டுட்டு மாவா உதிரும். மேல நடந்தா பொதுக்னு கால் இறங்கும். இந்த நேரத்துல காத்து அடிச்சா போச்சு. அதனால அங்க தூசி சீசன்னா நீங்க நினைக்கற மாதிரி கத்திரி வெயில் இல்ல, குளிர் முடிஞ்சு வசந்தம் வர்ற மாசங்கதான் கவனிக்க வேண்டியது.

கே: கவர்மென்ட் ரிப்போர்ட்ல காத்து அளவுக்குள்ள இருக்குன்னு வருது, ஆனா ஜனங்க மூச்சு முட்டுதுங்கறாங்க. யாரு பொய் சொல்றா? (கோயம்புத்தூர்)

யாரும் பொய் சொல்லணும்னு அவசியமே இல்லைங்க, சராசரியே அந்த வேலைய பாத்துக்கும். அமெரிக்காவுல பிஎம் 10-க்கு 24 மணி நேர சராசரி அளவு, ஒரு கனமீட்டர் காத்துக்கு 150 மைக்ரோகிராம். (இந்தியாவுல 100, உலக சுகாதார நிறுவனம் 2021-ல சொன்னது 45.) இப்ப ஒரு உதாரணக் கணக்கு போடுங்க. 22 மணி நேரம் காத்து நல்லா இருக்கு, 40. சாயங்காலம் ரெண்டு மணி நேரம் புழுதி அடிக்குது, 1000. மொத்தத்த 24-ஆல வகுத்தா 120. பாஸ்! அந்த ரெண்டு மணி நேரம்தான் புள்ளைங்க ஸ்கூல் விட்டு நடந்து வர்ற நேரமா இருந்தாலும் பாஸ்தான்.

இத விட எனக்கு உறுத்தறது ஒண்ணு இருக்கு. அங்க சட்டத்துல "விதிவிலக்கான நிகழ்வு"ன்னு ஒரு பிரிவு. மேற்கு மாநிலங்கள்ல மணிக்கு 25 மைலுக்கு மேல காத்து அடிச்சு, அதனால அளவு தாண்டுச்சுன்னு ஆதாரத்தோட காட்டி, மனுஷங்க பண்ண வேண்டிய தடுப்பெல்லாம் பண்ணியாச்சுன்னும் காட்டினா, அந்த நாளோட ரீடிங்க தரக்கட்டுப்பாட்டு கணக்குலேர்ந்து எடுத்துடலாம். காட்டுத்தீ, எரிமலைன்னா நியாயம், யாரும் நிறுத்த முடியாது. ஆனா மனுஷன் தண்ணிய திருப்பினதால காஞ்ச ஏரிமேல காத்து அடிக்கறது எந்தக் கணக்கு? இதுக்கு வக்கீலுங்கதான் பதில் சொல்லணும். கணக்குலேர்ந்து எடுத்த நாள நுரையீரல்லேர்ந்து எடுக்க முடியாதுன்னு மட்டும் நான் சொல்லிக்கறேன்.

கே: அப்ப ஜனங்களே மெஷின் வாங்கி மாட்டிக்கலாமே? ஆன்லைன்ல சென்சார் கிடைக்குதே. (சென்னை)

மாட்டினாங்க! இம்பீரியல் வேலியில ப்ராலின்னு ஒரு ஊரு, அங்க கோமிடே சிவிகோ டெல் வாலேன்னு ஒரு மக்கள் அமைப்பு. மாவட்டம் முழுக்க அரசு மானிட்டர் விரல் விட்டு எண்ற அளவுக்குத்தான் இருந்துச்சு, அதுல ஊருக்கு ஊரு நிலைமை எப்படி தெரியும்? இவங்க ஆராய்ச்சியாளர்களோட சேர்ந்து 40 மானிட்டர் வெச்சாங்க. எங்க வெக்கறதுன்னு ஊர்க்காரங்களே உக்காந்து முடிவு பண்ணாங்க, ஸ்கூல் பக்கம், வயல் கொளுத்தற பக்கம், தூசி ரோட்டு பக்கம்னு. ரீடிங் நேரா இன்டர்நெட்டுல எல்லாரும் பாக்கற மாதிரி. அரசு மானிட்டர் கண்ணுல படாத தூசி அடிப்பு நிறைய இதுல மாட்டுச்சு. ஸ்கூலுங்கள்ல கொடி ஏத்தறாங்க, பச்சைன்னா வெளிய விளையாடலாம், மஞ்சள், ஆரஞ்சு, சிவப்புன்னு ஏற ஏற ஆஸ்துமா உள்ள புள்ளைங்கள கூடுதலா கவனிச்சு வெளி விளையாட்ட குறைச்சுக்கணும். பி.டி. வாத்தியாருக்கு மைக்ரோகிராம் பத்தி பாடம் எடுக்க வேணாம், கொடிய பாத்தா போதும்.

ஆனா மேடம், கார்டுல காசு தேய்க்கறதுக்கு முன்னாடி இத படிங்க. ஆன்லைன்ல கிடைக்கற சின்ன சென்சாருங்க லேசர் வெளிச்சம் சிதறறத வெச்சு கணக்கு போடுது. புகைக்கு, அதாவது நைஸ் துகளுக்கு, திருத்தம் போட்டு பாத்தா பரவாயில்ல. புழுதிக்கு சுத்தமா ஆகாது. பெரிய துகள் அதோட சின்ன ஃபேனுக்குள்ள ஒழுங்கா நுழையறதும் இல்ல, நுழைஞ்சாலும் சரியா எண்றதும் இல்ல. வெளிய எதிர் வீடு தெரியாத அளவுக்கு புழுதி அடிக்கும்போது இது பச்சை விளக்கு காட்டிட்டு உக்காந்திருக்கும். பர்ப்பிள் ஏர் மாதிரி சென்சாருல பிஎம் 10-ன்னு ஒரு நம்பர் வந்தா அத பாலைவன ஊருல நம்பிடாதீங்க. அதோட நம்ம சென்னை மாதிரி ஈரம் ஜாஸ்தி உள்ள இடத்துல இது நேர் மாறா, துகள் தண்ணிய குடிச்சு பெருசானத பாத்துட்டு கூடுதலா காட்டும். பக்கத்துல ஒரு அரசு மானிட்டரோட கொஞ்ச நாள் ஜோடியா வெச்சு ஒத்துப் பாக்காம எந்த சென்சாரையும் பேச்சுக்கு எடுக்கக் கூடாது. அந்த 40 மானிட்டருக்கும் அப்படி ஒத்துப் பாத்து திருத்தம் போட்டதாலதான் அதிகாரிங்க முன்னாடி எடுத்து வெக்க முடிஞ்சுது.

கே: அந்தத் தூசியால தான் குழந்தைங்களுக்கு ஆஸ்துமா வருதுன்னு நிரூபிச்சுட்டாங்களா? (தஞ்சாவூர்)

நிரூபிச்சுட்டாங்கன்னு சொல்ல மாட்டேன் அக்கா, சந்தேகம் பலமாயிட்டே வருது. ஏரியோட தெற்குப் பக்க ஊருங்கள்ல ஏறக்குறைய அஞ்சு குழந்தையில ஒண்ணுக்கு ஆஸ்துமான்னு சொல்றாங்க. ஆனா அங்க ஏரி மட்டுமா? வயல கொளுத்தற புகை, பூச்சிமருந்து, மெக்சிகோ எல்லையில மணிக்கணக்கா நிக்கற வண்டிங்க, எல்லைக்கு அந்தப் பக்கம் மெக்சிகாலி நகரம்னு பெரிய பட்டியலே இருக்கு. பிரிச்சு சொல்றது கஷ்டம்.

அதனாலதான் ரிவர்சைடு பல்கலைக்கழகத்துல எலிய வெச்சு பாத்தாங்க. ஏரிக்குப் பக்கத்துல சேகரிச்ச தூசியோட சாறு ஒரு பக்கம், தள்ளி இருக்கற பாலைவனத் தூசியோட சாறு ஒரு பக்கம், ரெண்டையும் தனித்தனியா பனி மாதிரி தெளிச்சு சுவாசிக்க வெச்சாங்க. ஏரிப்பக்கத் தூசிக்குத்தான் நுரையீரல் பலமா வீங்குச்சு. அதுவும் வழக்கமான அலர்ஜி மாதிரி இல்ல, நியூட்ரோஃபில்னு ஒரு வெள்ளணு, கிருமி புகுந்தா ஓடி வர்ற வகை, அது குவிஞ்சுது. அப்ப தூசியில ஒட்டியிருக்கற பாக்டீரியா மிச்சம்தான் காரணமோன்னு சந்தேகம். எலி வேற மனுஷன் வேற, ஒத்துக்கறேன். ஆனா இது அலர்ஜி வகை இல்லன்னா அலர்ஜிக்கு குடுக்கற வைத்தியம் அந்தப் புள்ளைங்களுக்கு எந்த அளவுக்கு கேக்கும்னு ஒரு கேள்வி வருது பாருங்க, அது டாக்டருங்க யோசிக்க வேண்டிய இடம்.

வீட்டுக்குள்ளயும் தப்பிக்க முடியல. அந்த மொபைல் ஹோம்ங்கள்ல நிறைய இடத்துல ஏசி இல்ல, ஏர் கூலர்தான். கூலர் வெளிக்காத்த ஈரப் பட்டை வழியா இழுத்துதான் உள்ள தள்ளும், 45 டிகிரி வெயில்ல அத நிறுத்தவும் முடியாது. ஜன்னல சாத்துங்கன்னு சொல்ற அறிவுரை எல்லாம் ஏசி உள்ளவனுக்கு.

கே: நான் குவைத்துல வேலை பாக்கறேன். இங்க அடிக்கற தூசியும் இதே மாதிரி விஷமா? (குவைத்)

தம்பி, அங்க கோடையில அடிக்கறது ஷமால், வடமேற்குக் காத்து, ஈராக் பக்கத்து சமவெளி மண்ண அள்ளிட்டு வருது. அங்கயும் 1990-கள்ல சதுப்பு நிலத்த வடிச்சுக் காய வெச்ச கதை இருக்கு, அதனால மனுஷன் கை அங்கயும் உண்டு. சரக்கு வேற வேற, ஆனா நுரையீரலுக்கு எந்த நைஸ் தூசியும் நல்லதில்ல. வெளி வேலைன்னா துணிய கட்டறத விட என்95 மாஸ்க், மூக்குப் பக்கம் நல்லா அழுத்திப் போடு. தூசி அடிச்ச மறுநாள் ரூம் ஏசி ஃபில்டர கழுவிடு.

கே: வேலி ஃபீவர்னு ஒண்ணு தூசியில பரவுதாமே, நம்ம ஊருக்கு வருமா? (நாகர்கோவில்)

அது மண்ணுல வளர்ற ஒரு பூஞ்சை, அரிசோனா, கலிஃபோர்னியா, மெக்சிகோ பக்கத்து வறண்ட மண்ணுல இருக்கு. நம்ம மண்ணுல கிடையாது, ஆளுக்கு ஆள் ஒட்டாது. அங்க போயிட்டு வந்து வாரக்கணக்கா இருமல் காய்ச்சல் விடலன்னா டாக்டர்கிட்ட எங்க போனீங்கன்னு மறக்காம சொல்லுங்க.

கே: தீர்வே இல்லையா? கடல் தண்ணிய குழாய்ல கொண்டு வந்து ரொப்பிட வேண்டியதுதான? (சேலம்)

இந்த யோசனை அங்க ரொம்ப வருஷமா ஓடிட்டு இருந்துச்சு, மெக்சிகோ பக்கத்து வளைகுடாவுலேர்ந்து கொண்டு வரலாம்னு. மாநிலம் அமைச்ச தனிக் குழு 2022-ல வேணாம்னு சொல்லிடுச்சு.

முன்னுதாரணம் கொஞ்சம் வடக்க இருக்கு, ஓவன்ஸ் ஏரி. 1913-ல லாஸ் ஏஞ்சலஸ் நகரம் கால்வாய் போட்டு அதுக்கு வர்ற ஆத்துத் தண்ணிய எடுத்துக்கிச்சு, 1920-கள்லயே ஏரி காஞ்சு போச்சு. அப்புறம் பல பத்து வருஷம், நாட்டுலயே ஒரே இடத்துலேர்ந்து பிஎம் 10 தூசி அதிகமா கிளம்பறது இங்கதான்னு பேரு வாங்குச்சு. வழக்கு, சண்டை எல்லாம் முடிஞ்சு, இந்த நூற்றாண்டு ஆரம்பத்துலேர்ந்து அந்த நகரத்து தண்ணி இலாகாவே 200 கோடி டாலருக்கு மேல செலவு பண்ணிருக்கு: ஒரு பக்கம் கணுக்கால் அளவு தண்ணி தேக்கி, ஒரு பக்கம் உப்புப் புல்லு வளர்த்து, ஒரு பக்கம் ஜல்லி கொட்டி. தூசி பெரும்பகுதி அடங்கிடுச்சு, பறவைங்க கூட திரும்ப வந்துடுச்சு. தூசிய அடக்க முடியும்ங்கறதுக்கு சாட்சி அது, யாரு செலவு பண்ணணும்ங்கறதுல சட்டம் கறாரா இருந்துச்சு, அவ்வளவுதான்.

சால்டன் ஸீயில இப்ப காஞ்ச தரையில டிராக்டர் வெச்சு ஆழமா சால் ஓட்டி வரப்பு வரப்பா விடறாங்க, வைக்கோல் கட்டுங்கள வரிசையா நட்டு வெக்கறாங்க, மணல் தத்திப் போறத தடுக்க. நான் மேல சொன்ன ஸ்ட்ரைக்கர நிறுத்தற வேலைதான். நியூ ரிவர் ஆறு ஏரியில சேர்ற இடத்துல 4,000 ஏக்கருக்கு மேல குளம் வெட்டி 2025-ல தண்ணி விட ஆரம்பிச்சாங்க. 2028-க்குள்ள ஏறக்குறைய 30,000 ஏக்கருக்கு ஏதாவது செய்யணும்னு திட்டம். வேகம் பத்தலன்னு ஊர்க்காரங்க சொல்றாங்க, எனக்கும் அப்படித்தான் தோணுது.

கே: சார், டிசம்பர்ல பொண்ணு வீட்டுக்கு கலிஃபோர்னியா போறோம். இந்த ஏரிய போய் பாக்கலாமா? (கும்பகோணம்)

தாராளமா போங்கம்மா. டிசம்பர்ல வெயிலும் கம்மி, பறவைங்களும் நிறைய வரும். கோடை கடைசியிலதான் அழுகின முட்டை நாத்தம் அடிக்கும், 2012 செப்டம்பர்ல அந்த நாத்தம் லாஸ் ஏஞ்சலஸ் வரைக்கும் போச்சு. காத்து பலமா அடிக்கற நாள மட்டும் தவிர்த்துடுங்க, கிளம்பறதுக்கு முன்னாடி மருமகன ஏர்நவ் வெப்சைட்ட (காத்துத் தரம் காட்டற அமெரிக்க அரசு தளம்) ஒரு தரம் பாக்கச் சொல்லுங்க. செருப்பு இல்லாம கரையில நடக்காதீங்க, வெள்ளை மணல்னு தோணும், குனிஞ்சு அள்ளிப் பாத்தா எல்லாம் பார்னக்கிள் (பாறையில ஒட்டி வளர்ற ஒரு சின்ன உயிரி) ஓடும் மீன் முள்ளும்தான். காரையும் ரோட்டுலயே நிறுத்திடுங்க, மேல காஞ்ச மாதிரி இருக்கும், உள்ள சேறு, டயர் மாட்டிக்கும். டயர் உடைச்ச படலம்தான் அப்புறம் தூசியா கிளம்பும்.